கேன்சர் நோயாளியின் கால் வீக்கம்: ரத்த உறைவும், வயிற்றில் போடும் ஊசியும், மார்க்கம் தரும் வழியும்



ஒரு வீட்டில் ஒருவருக்குக் கேன்சர் என்று தெரிந்துவிட்டால், குடும்பத்தின் கவலை முழுவதும் அந்தக் கட்டியைச் சுற்றியே இருக்கும். எத்தனை கீமோ, ஆபரேஷன் எப்போது, செலவுக்கு என்ன வழி என்றே பேச்சு ஓடும். இதற்கிடையே நோயாளியின் ஒரு கால் வீங்கினால், படுத்தே இருப்பதால் நீர் இறங்கியிருக்கிறது என்று நினைத்து எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறோம். அந்த வீக்கம் ரத்தம் உறைந்ததால் வந்ததாக இருந்தால், உருவிவிடுவதே உயிருக்கு ஆபத்தாகிவிடலாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. ரத்தம் கட்டாமல் இருக்க டாக்டர் எழுதித் தரும் ஊசி பன்றியிலிருந்து எடுக்கப்படுகிறது என்று யாரோ சொல்ல, யாரிடமும் கேட்காமல் ஊசியை நிறுத்திவிடும் குடும்பங்கள் நம் சமுதாயத்தில் இருக்கின்றன. டாக்டருக்கும் சொல்வதில்லை, ஆலிமிடமும் கேட்பதில்லை. தவளக்குப்பத்திலும் சுற்றுப்புறத்திலும் நம்மிடம் இதுபற்றிக் கேட்டவர்கள் மிகச் சிலரே. கேட்காமல் முடிவெடுத்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் நம் கவலை. எனவே மருத்துவ விவரத்தையும் மார்க்க விவரத்தையும் சேர்த்தே இங்கு தருகிறோம்.

ரத்தம் ஏன் உறைகிறது?

கை வெட்டுப்பட்டால் சிறிது நேரத்தில் ரத்தம் உறைந்து காயம் அடைபடுகிறது. இது அல்லாஹ் நம் உடலில் வைத்திருக்கும் பாதுகாப்பு. உறைய வேண்டிய இடத்தில் உறைவதும், ஓட வேண்டிய இடத்தில் ஓடுவதும்தான் ஆரோக்கியம். காயமே இல்லாத ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியானால் அது நோய்.

இதற்கு மூன்று காரணங்களை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோவின் பெயரால் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ரத்த ஓட்டம் மந்தமாவது முதலாவது. ரத்தக் குழாயின் உட்சுவர் சேதமடைவது இரண்டாவது. ரத்தமே எளிதில் உறையும் தன்மைக்கு மாறுவது மூன்றாவது. கேன்சர் நோயாளியிடம் இந்த மூன்றும் ஒன்றாகச் சேரலாம். படுக்கையில் கிடப்பதாலும், கட்டி ரத்தக் குழாயை அழுத்துவதாலும் ஓட்டம் மந்தமாகிறது. கீமோ மருந்துகளும், மருந்து ஏற்ற நெஞ்சிலோ கையிலோ வைக்கும் குழாயும் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. பல கேன்சர் செல்கள் ரத்த உறைவைத் தூண்டும் பொருளைத் தாமே வெளியிடுகின்றன.

பெரும்பாலும் கால்களின் ஆழத்திலுள்ள சிரைகளில்தான் கட்டி உண்டாகும். அது அங்கேயே இருந்தால் கால் வீங்கும். அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து, இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால் மூச்சுத் திணறும். அடைப்பு பெரிதாக இருந்தால் சில நிமிடங்களிலேயே மரணம்கூட நேரலாம். வீங்கிய காலை உருவிவிடக் கூடாது என்பது இதனால்தான்.

மற்றவர்களை ஒப்பிட்டால் கேன்சர் நோயாளிக்கு இந்த ஆபத்து 4 முதல் 7 மடங்கு அதிகம் என்று மருத்துவ உலகம் பொதுவாகக் கணக்கிடுகிறது. வீட்டிலிருந்தபடி வந்து கீமோ ஏற்றிக்கொள்பவர்களின் மரணங்களில், கேன்சருக்கு அடுத்து நிற்கும் முக்கியக் காரணங்களில் ரத்த உறைவும் ஒன்று.

பாரீஸ் மருத்துவர் கண்டது

கேன்சருக்கும் ரத்த உறைவுக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு மருத்துவர் அர்மான் ட்ரூஸோ. பாரீஸ் ஓட்டேல் தியூ மருத்துவமனையில் பணியாற்றிய அவர், வெளியே காரணம் எதுவும் தெரியாமல் ஒருவரின் சிரையில் ரத்தம் உறைந்தால் உள்ளே கேன்சர் மறைந்திருக்கிறதா என்று தேட வேண்டும் என 1865-ல் எடுத்துக் கூறினார். 1867-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய கையிலேயே அந்த அறிகுறி தென்பட்டது. தமக்கு வந்திருப்பது என்ன என்று அவரே புரிந்துகொண்டார். அதே ஆண்டு ஜூனில் இரைப்பைக் கேன்சரால் இறந்தார்.

அன்று புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கு ஆரம்பித்த மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சிதான் இன்று கோரிமேட்டில் நாம் காணும் ஜிப்மர். ட்ரூஸோவின் கையில் இருந்தது அறிகுறி பற்றிய அறிவு மட்டுமே. இன்று நமக்கு அருகிலேயே பரிசோதனையும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. நேரத்தோடு போய்ச் சேர்வதுதான் நம் பங்கு.

யாருக்கு அதிகம்?

எல்லாக் கேன்சரிலும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. கணையம், இரைப்பைக் கேன்சர்களில் மிக அதிகம். நுரையீரல், கருப்பை, சினைப்பை, சிறுநீர்ப்பைக் கேன்சர்களிலும் நிணநீர்க் கேன்சரிலும் அதிகம். மூளைக் கட்டியிலும் அப்படியே. மார்பகக் கேன்சரில் ஆபத்து இவற்றைவிடக் குறைவுதான். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் சாப்பிடும் டமாக்ஸிஃபென் மாத்திரை உறைவு ஆபத்தைச் சற்றுக் கூட்டும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அறிகுறி தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும்.

கேன்சர் கண்டறியப்பட்ட முதல் சில மாதங்கள், பெரிய ஆபரேஷனுக்குப் பிந்தைய வாரங்கள், கீமோ நடக்கும் காலம், நீண்ட நாள் படுக்கை ஆகியவை கூடுதல் கவனம் தேவைப்படும் காலங்கள். முன்பு ஒருமுறை ரத்தம் உறைந்தவர்களும், அதிக உடல் பருமன் உள்ளவர்களும் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நம் வீட்டுப் பெண்கள் அறிய வேண்டிய ஒன்று. உம்ராவுக்கும் ரமளானுக்கும் மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிச் சாப்பிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த மாத்திரைகள் ரத்த உறைவைத் தூண்டக்கூடியவை. கேன்சர் சிகிச்சையில் இருப்பவரோ, ஒருமுறை ரத்தம் உறைந்தவரோ டாக்டரைக் கேட்காமல் அவற்றைத் தொடவே கூடாது.

ரத்தம் நிற்காமல் போகும் மறுபக்கம்

சில கேன்சர்களில் இதற்கு நேர்மாறாக, ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருக்கும். ரத்தப் புற்றுநோயில் ப்ரோமைலோசைட்டிக் என்ற வகை இதற்குப் பெயர் போனது. உடலெங்கும் ரத்தம் தாறுமாறாக உறைந்து, உறைவுக்கான பொருட்கள் தீர்ந்துபோய், ஈறிலும் மூக்கிலும் மூளையிலும் ரத்தம் கசியும். முதல் சில நாட்களிலேயே உயிர் போகும் வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த நாட்களைத் தாண்டிவிட்டால் இரத்தப் புற்றுநோய்களில் நன்கு குணமாகும் வகை இதுதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1998 முதல் ஆர்சனிக் மருந்து ஒன்றை மட்டும் கொண்டு இந்நோய்க்குச் சிகிச்சை அளித்துக் கண்ட நல்ல பலனை 2006-ல் உலகுக்கு அறிவித்தது.

எனவே சிகிச்சை பெறுபவருக்கு ஈறில் ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளிகள், காரணமில்லாத கன்றிய தடங்கள் தென்பட்டாலும் அன்றே காட்ட வேண்டும்.

நம் பகுதியில் நேரும் ஒரு குழப்பம்

புதுச்சேரி, கடலூர் பகுதிகளில் கால் வீங்கினாலே யானைக்கால் நினைவுதான் முதலில் வரும். அதற்குக் காரணமும் இருக்கிறது. யானைக்கால் நோய் இங்கு அந்த அளவுக்கு இருந்தது. கொசுவால் பரவும் நோய்களை ஆராயும் மத்திய அரசின் மையம் 1975 முதல் புதுச்சேரியில்தான் இயங்கி வருகிறது. ஆனால் யானைக்கால் வீக்கம் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெல்லக் கூடுவது. இடையிடையே காய்ச்சலும் நெறிகட்டுதலும் வந்து போகும். ரத்த உறைவால் வரும் வீக்கமோ ஓரிரு நாட்களில், சில சமயம் சில மணி நேரத்திலேயே வந்துவிடும்.

கேன்சர் சிகிச்சையில் இருப்பவரிடம் இவற்றைக் கவனியுங்கள்:

• ஒரு கால் மட்டும் வீங்குதல், கெண்டைக்காலிலோ தொடையிலோ வலி, தொட்டால் சூடு, தோல் சிவத்தல் அல்லது கருத்தல்.

• மருந்து ஏற்றக் குழாய் வைத்த பக்கத்தில் கை, கழுத்து வீக்கம்.

• திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம், காரணமில்லாத படபடப்பு.

முதல் இரண்டுக்கும் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். மூன்றாவதற்கு விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது, 108-ஐ அழையுங்கள். தவளக்குப்பத்திலிருந்து ஜிப்மர் போக நகரம் முழுவதையும் கடந்தாக வேண்டும். மூச்சுத் திணறும் நோயாளியைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போவது சரியல்ல. கடலூர் சாலையிலேயே பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அவசரத்தில் அருகிலுள்ள இடமே முதல் இடம். கேன்சர் சிகிச்சை நடக்கும் விவரத்தையும் மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். அதில் வலியும் இல்லை, ஊசியும் இல்லை. நுரையீரலில் சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். உறைவு உறுதியானால், பெரும்பாலும் குறைந்தது மூன்று முதல் ஆறு மாதம் மருந்து தொடரும். கேன்சர் அடங்காதிருந்தால் அதற்கு மேலும் தொடரும். இந்த மருந்துகளை மக்கள் 'ரத்தத்தை இளக்கும் மருந்து' என்பார்கள். உண்மையில் இவை ரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. கட்டி மேலும் வளராமலும் புதிதாக உண்டாகாமலும் தடுக்கின்றன. இருக்கும் கட்டியை உடல் தானே மெல்லக் கரைத்துக்கொள்கிறது. எனவே வீக்கம் வற்றியதும் மருந்தை நிறுத்திவிடுவது பெரும் தவறு.

அந்த ஊசி எதிலிருந்து வருகிறது?

வயிற்றுத் தோலுக்கடியில் போடப்படும் ஊசிகளில் நம் நாட்டில் அதிகம் எழுதப்படுவது எனாக்ஸாபாரின். தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றது. டால்டிபாரின் என்பதும் இதே இனம். இவை ஹெப்பாரின் என்ற பொருளிலிருந்து தயாராகின்றன. அந்த ஹெப்பாரின் பன்றிக்குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. இது வதந்தி அல்ல, உண்மை. மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? பன்றி ஹராம் என்பதில் நம்மில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. அதே சமயம், பன்றி இறைச்சியைத் தடைசெய்யும் அல்பகரா 173-வது வசனமே, வரம்பு மீறும் எண்ணமின்றி நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர் மீது குற்றமில்லை என்றும் அறிவிக்கிறது. நபி (ஸல்) அவர்களின் வாழ்விலும் இதற்கு முன்மாதிரி உண்டு. ஆண்களுக்குப் பட்டு தடை. ஆனால் ஸுபைர் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) இருவருக்கும் தோல் அரிப்பு வந்தபோது பட்டு அணிய அனுமதித்தார்கள். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் முதலில் வெள்ளியில் மூக்கு செய்து பொருத்தினார்கள். அது துர்நாற்றம் அடித்தது. பிறகு தங்கத்தில் பொருத்திக்கொள்ளும்படி நபியவர்கள் பணித்தார்கள். ஆகுமான மாற்று ஒன்று இருந்தும் அது பயன் தரவில்லை என்றபோது வழி திறக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

தூய்மையான மாற்று கிடைக்காதபோது, போதை தரக்கூடியது அல்லாத நஜீஸான பொருளால் மருத்துவம் செய்வது கூடும் என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) தம் 'அல்மஜ்மூஉ' நூலில் விளக்குகிறார்கள். வேறு மருந்து அறியப்படாத நிலையில் அனுமதி உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் பிற்கால அறிஞர்களிடமும் காணப்படும் தீர்ப்பு.

இந்த ஊசியைப் பெயர் குறிப்பிட்டே விவாதித்த மன்றமும் உண்டு. மக்காவில் ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் மன்றம் 2003 டிசம்பரில் தன் 17-வது அமர்வில் இதை எடுத்துக்கொண்டது. அதன் முடிவின் சாரம் இரண்டு. ஒன்று, போதுமான ஹலாலான மாற்று இல்லாதபோது, அதாவது மாற்று மருந்து சிகிச்சையை நீட்டிக்கும் நிலையில், இந்த ஊசியைப் பயன்படுத்தலாம். இரண்டு, தேவையான அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தூய்மையான மாற்று உறுதியாகக் கிடைத்தால் அதற்கு மாறிவிட வேண்டும்.

அதே 2003-ல் மருத்துவ உலகிலும் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ரத்தம் உறைந்த 676 கேன்சர் நோயாளிகளில் ஒரு பாதிக்கு டால்டிபாரின் ஊசியும், மறுபாதிக்கு வார்ஃபரின் வகை மாத்திரையும் தந்து பார்த்தார்கள். ஆறு மாதத்தில் மீண்டும் உறைவு வந்தவர்கள் மாத்திரைப் பிரிவில் சுமார் 17 சதவீதம், ஊசிப் பிரிவில் 9 சதவீதம். அன்றைக்கு இருந்த ஹலாலான மாற்று, கேன்சர் நோயாளிக்கு ஊசிக்கு ஈடாகவில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது

இன்று அபிக்ஸாபன், ரிவராக்ஸாபன், எடாக்ஸாபன் என்ற மாத்திரைகள் வந்துவிட்டன. இவற்றின் மருந்துப் பொருள் ஆய்வகத்தில் ரசாயன முறையில் உருவாக்கப்படுவது. ஹெப்பாரின் இதில் இல்லை. 2020-ல் வெளியான ஆய்வில் அபிக்ஸாபன் எடுத்த கேன்சர் நோயாளிகளில் 5.6 சதவீதம் பேருக்கும், டால்டிபாரின் போட்டவர்களில் 7.9 சதவீதம் பேருக்கும் உறைவு திரும்ப வந்தது. பெரிய ரத்தக் கசிவு இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஊசியாகத்தான் வேண்டும் என்ற நிலையிலும் ஃபோண்டாபாரினக்ஸ் என்று முழுக்க ரசாயன முறையில் தயாராகும் ஊசி ஒன்று இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஊசியை நாமே மாற்றிவிட முடியாது. இரைப்பை, குடல் கேன்சரில் இம்மாத்திரைகளில் சில ரத்தக் கசிவைக் கூட்டுகின்றன. வாந்தி நிற்காதவருக்கு மாத்திரை உடலில் சேராது. சில கீமோ மருந்துகளோடு ஒத்துப்போகாது. சிறுநீரகம் பழுதானவருக்கு ஃபோண்டாபாரினக்ஸ் ஆகாது. தட்டணுக்கள் குறைந்திருக்கும்போதும், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும், அளவைக் கூட்டிக் குறைக்க எளிதான ஊசியையே டாக்டர்கள் பெரும்பாலும் விரும்புவார்கள்.

ஆகவே குடும்பத்தார் டாக்டரிடம் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி இது: "இந்த ஊசி பன்றியிலிருந்து வருவது என்று அறிகிறோம். இவருடைய நிலைக்கு இதே அளவு பலன் தரும் வேறு மருந்து பொருந்துமா?" பொருந்தும் என்றால் மாறிக்கொள்ளலாம். பொருந்தாது என்றால் மனச்சஞ்சலமின்றி ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். மாற்று மருந்தின் விலை எட்டாத நிலை, இரவில் அவசரத்துக்கு ஊசி மட்டுமே கைவசம் இருக்கும் நிலை ஆகியவற்றையும் உங்கள் ஊர் ஆலிமிடம் எடுத்துச் சொல்லித் தெளிவு பெறுங்கள். பதில் கிடைக்கும்வரை ஊசியை நிறுத்தாதீர்கள். கேட்காமல், சொல்லாமல் நிறுத்துவதற்குப் பேணுதல் என்று பெயர் இல்லை. நோய்க்கு மருந்து செய்யுங்கள் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி.

தொழுகை, நோன்பு, பயணம்

ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் உளூ முறியாது; இடத்தைக் கழுவிக்கொள்ளலாம். ஹனஃபி மத்ஹபில் ரத்தம் வழிந்து ஓடினால் உளூ முறியும். கால் வீங்கி நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம்.

தோலுக்கடியில் போடும் ஊசியால் நோன்பு முறியாது என்று ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1997-ல் முடிவு செய்திருக்கிறது. மாத்திரையின் நிலை வேறு. அபிக்ஸாபன் நாளுக்கு இரண்டு வேளை. ரிவராக்ஸாபனை உறைவு சிகிச்சைக்கான அளவில் உணவோடு சாப்பிட வேண்டும். ஸஹர், இஃப்தார் நேரங்களுக்கு மாற்றுவது சரிவருமா என்பதை ரமளான் தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். கீமோ நடக்கும் காலத்தில் உடலில் நீர் வற்றுவதும் கெடுதல். நோயாளிக்கு நோன்பை விட அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான். அதை ஏற்றுக்கொள்வதில் குறை எதுவும் இல்லை.

உம்ரா விமானத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். புறப்படும் முன் டாக்டரின் ஆலோசனை அவசியம். பயணத்தில் அவ்வப்போது எழுந்து நடப்பதும், உட்கார்ந்தபடி பாதங்களை மேலும் கீழும் அசைப்பதும், தண்ணீர் குடிப்பதும் நல்லது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• வயிற்றில் ஊசி போடும்போது தொப்புளிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி, ஒவ்வொரு முறையும் பக்கம் மாற்றிப் போடுங்கள். போட்ட பிறகு தேய்க்காதீர்கள்.

• டாக்டரைக் கேட்காமல் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்காதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் ஆகியவை இம்மருந்துகளோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு கூடும்.

• இந்த மருந்தில் இருக்கும்போது ஹிஜாமா செய்துகொள்ள வேண்டாம். நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

• பல் பிடுங்குவதானாலும், வேறு ஊசி போடுவதானாலும், இந்த மருந்து எடுப்பதை முதலில் சொல்லுங்கள்.

• மலம் கருத்துப் போதல், சிறுநீரில் ரத்தம், கடும் தலைவலி, தலையில் அடிபடுதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

• டாக்டர் தடுக்காதவரை நோயாளியை வீட்டுக்குள்ளாவது சிறிது நடக்க விடுங்கள். அன்பு மிகுதியால் எல்லாவற்றையும் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பள்ளிவாசல் வரை நடக்க முடிந்தவரை நடக்க விடுவதே அவருக்கு நன்மை.

நோயாளியை நலம் விசாரிக்கப் போவது நம் மார்க்கத்தில் ஒரு முஸ்லிமின் மீது மற்றவருக்குள்ள உரிமை. இனி கேன்சர் நோயாளியைப் பார்க்கப் போகும்போது, சாப்பிட்டீர்களா என்று கேட்பதோடு, கால்கள் இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்றும் ஒருமுறை பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் வீட்டாரிடம் சொல்லி, அன்றே மருத்துவமனைக்கு அனுப்பிவையுங்கள்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் வழங்குவானாக. ஆமீன்.